விஜயதசமியன்று வராத நெட்

கம்பத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பிரௌசிங் சென்டர் நடத்தினோம். கம்ப்யூட்டர் என் பொறுப்பு, சாமி அவர் பொறுப்பு. பம்ப் செட்டையே கழற்றி மாட்டுகிற கை அவருக்கு. கீபோர்டை மட்டும் தொடமாட்டார். நெட் லைன் வந்து சேரும் கம்ப்யூட்டரில் நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தேன். பையன்கள் பென் டிரைவில் கொண்டுவரும் வைரஸுக்கு அதுதான் மருந்து. ஆனால் நெட்டை உள்ளே வாங்கும் நெட்வொர்க் கார்டுக்கு, அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரைவரை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டுமாம். நெட் வருவதற்கோ டிரைவர் வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? சின்னமனூருக்குப் பஸ் ஏறி, வேறொரு சென்டரில் காசு கொடுத்து இறக்கி வந்தேன். அதிலிருந்து நெட் நின்றால் அந்த டிரைவருக்குத்தான் திட்டு விழும்.

அந்த வருஷம் விஜயதசமி காலையில் மற்ற சென்டர்கள் பூட்டிக் கிடந்தன. பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சவுதியில். பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியும், முகம் தெரியாது. அன்றைக்கு அவனைப் பாலைவனத்துக்குள் புது வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நெட் கிடையாது, திரும்ப மாசக்கணக்காகும். வேன் வரும்வரை கம்ப்யூட்டர் முன்னால் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். ஸ்டுடியோவில் எடுத்த குழந்தை போட்டோ அவளிடம் இருந்தது.

நெட் வரவில்லை.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சனியன் பிடிச்ச டிரைவர்" என்று ஆரம்பித்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது என்று சிஸ்டத்தையே கேட்டுப் பார்த்தால், நெட்வொர்க் கார்டே இல்லை என்றது.

"பொட்டியத் தொறக்காம கார்டு எங்க போகும்?" என்றேன்.

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்தக் கார்டுக்குப் பொட்டு வச்சா ஆகாதா?"

"எந்தக் கார்டுக்கு?"

"அது இல்லைன்னா கடையே இல்லைன்னு நீதான சொல்லுவ. அதான் நேத்து ஆயுத பூஜைக்குக் கழட்டித் தொடச்சு, சந்தனம் வச்சு மாட்டினேன். அடியில தங்கம் மாதிரி வரி வரியா இருந்துச்சு. அங்கன வச்சா எடுப்பா இருந்துச்சு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. திட்ட வாயைத் திறந்தேன்.

"விடுங்கக்கா, நல்லதுக்குத்தான செஞ்சாக" என்றாள் அவள். அந்த அவசரத்திலும் சிரித்துவிட்டாள்.

கடையையே சாமியாக நினைக்கிற மனுஷரை என்னவென்று திட்டுவது? எனக்கு அவரை அப்போது ரொம்பப் பிடித்தது. கார்டைக் கழற்றினேன். சிஸ்டத்தோடு ஒட்ட வேண்டிய விளிம்பு முழுக்கச் சந்தனம் காய்ந்து கிடந்தது. ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏறியது. பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

சாட்டைத் திறந்தால், அவன் இன்னும் அங்கேயே இருந்தான். போட்டோவை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை.

"பாத்தாகளா? கேளுங்கக்கா" என்றாள்.

நான் கேட்பதற்குள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, போகச் சொல்லுங்கக்கா. லேட்டாப் போனா அங்க வைவாக."

கீபோர்டில் கையை வைத்தேன்.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்" என்றேன். ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை.