சதுரக்கண் வைத்த ஆந்தை

என் வீட்டுக்காரர் செத்து ஏழு மாதம் ஆகிறது. தங்கமான மனுஷன் என்கிறார்கள். செத்தவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? நான் அவரோடு நாற்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவள். நல்லவர்தான். ஆனால் வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தில் திறக்காமல் இருந்துவிட்டார். நானும்தான். எனக்கு எழுத்து வராது, சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். வசவுகளை எல்லாம் விட்டுவிடுகிறாளோ என்று ஒரு சந்தேகம்.

அவர் மெக்கானிக். அதுவும் ஒரே ஒரு கம்பெனி வண்டிக்கு மட்டும். காடு, சேறு, பாறை என்று எதிலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஏறுமே, அந்த வண்டி. கம்பெனிக்காரன் அதற்கு என்னென்னவோ பெயரும் நம்பரும் வைத்திருந்தான். ஜனங்களுக்கு எல்லாமே ஜீப்புதான். யாராவது காரைக் கொண்டுவந்தால், "இது அழுக்குப் படாத பிள்ளை, வேற இடம் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கே ஜீப்பு மேஸ்திரி என்று பெயர் விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வருஷக் கணக்கு கிடையாது, மாடல் கணக்குதான். எனக்குக் கல்யாணம் ஆனது தட்டைமூக்குக் காலத்தில். அதுதான் முதல் மாடல். யாரோ உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தமாதிரி சப்பை மூக்கு, கதவு கிடையாது, மேலே தார்ப்பாய். மழை வந்தால் உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் ஒன்றுதான். கல்யாணம் முடிந்து அதில்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வீடு போய்ச் சேருவதற்குள் இடுப்பு எலும்பு இடம் மாறிவிட்டது. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். புதுப் பெண்டாட்டியிடம் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி அது.

"என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இதைக் கட்டிக்கிட்டீங்களா?" என்றேன்.

கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இது முன்னாடியே வந்துருச்சு" என்றார்.

அடுத்து வந்தது ஆந்தை. பெரிய பெரிய உருண்டை விளக்கு, இரும்புக் கூரை, டீசல் எஞ்சின், ஆறு பேர் கூடுதலாக உட்காரலாம். இதை எழுதுகிற மகள் ஆந்தை வந்த வருஷம் பிறந்தவள். அவளுக்கு அடுத்தவன், ஆந்தைக்கு அஞ்சாவது கியர் வைத்த வருஷம்.

இந்த இரண்டு மாடலிலும் ஒரு விஷயம் உண்டு. அது தெரியாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. அதில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. வண்டிக்கு நடுவில், அடியில் நீளமாக ஓடுகிற தண்டைத்தான் பிடிக்கும். நாலு சக்கரமும் தரையில் இருக்கிறவரைக்கும் வண்டி அசையாது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால் போச்சு. தூக்கின சக்கரம் அந்தரத்தில் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும். பிரேக் இழுத்தது இழுத்தபடியே இருக்க, வண்டி பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஷெட்டின் தரை வேறு, தண்ணீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சரிவாகப் போட்டது. அதனால் ஷெட்டில் ஒரே சட்டம்: முதலில் கல், அப்புறம்தான் ஜாக்கி. இரண்டு கருங்கல் வைத்திருந்தார். பெரியது மாமியார், சின்னது மருமகள். "மாமியாரை முன்னால வை, மருமகளைப் பின்னால வை, ரெண்டு பேரும் பாக்காத மாதிரி நடுவுல வண்டி இருக்கட்டும்" என்பார்.

என் தம்பி அந்த ஷெட்டில்தான் தொழில் கற்றான். அம்மா போனபிறகு அவனை வளர்த்தது நான். ஆள் நெட்டை. வண்டிக்கு அடியில் படுத்தான் என்றால் முழங்காலுக்குக் கீழே தெருவில் கிடக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் தாண்டித் தாண்டிப் போவார்கள். "மாப்ளே, காலை மடக்குடா, பஸ்ஸுக்கு வழி விடு" என்று இவர் கத்துவார். "பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க மாமா, நானே ஏறிக்கறேன்" என்பான் அவன் அடியிலிருந்தே. இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது எல்லாம் இப்படித்தான், ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே. அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். தையல்காரி. வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

மூன்றாவது மாடல் வரப்போகிறது என்று தெரிந்ததும், வெளியூரில் கம்பெனி வண்டிகளைப் பார்க்கும் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனுக்குத் தம்பி வேலைக்குப் போனான். புதுசைக் கற்றுக்கொண்டு வருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒன்றரை வருஷம் அங்கே இருந்தான்.

அந்த மாடல்தான் சதுரக்கண். விளக்கு சதுரம், கதவுக்குக் கண்ணாடி, சீட்டுக்குத் துணி உறை. முதல் வண்டி ஷெட்டுக்கு வந்த அன்றைக்கு இவர் அடியில் போய்ப் படுத்தவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது முகம். "பிரேக்கைப் பின்சக்கரத்துலயே வெச்சுட்டான்டி. ஒண்ணைத் தூக்கினாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். இனிமே இதுக்குக் கல்லு வேணாம்" என்றார். கைப்பிரேக்கின் பிடியும் இடம் மாறியிருந்தது. முன்னே டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து இழுக்க வேண்டும். இப்போது இரண்டு சீட்டுக்கும் நடுவில். அடுத்தடுத்துச் சதுரக்கண்களாக வர, கல் இரண்டும் மூலைக்குப் போனது. மாமியாரை நான் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து துணி துவைக்கப் போட்டுக்கொண்டேன். மாமியாரை அடித்துத் துவைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இங்கேதான் அவருக்குப் புத்தி கெட்டது. ஆந்தை வைத்திருந்தவர்களுக்குச் சதுரக்கண்மேல் ஆசை. புதுசு வாங்க முடியவில்லை. ஒரு கல்குவாரிக்காரர் வந்து, முகத்தை மட்டும் மாற்றித் தர முடியுமா மேஸ்திரி என்றார். அடிபட்டு உடைசலுக்கு வந்த சதுரக்கண்ணிலிருந்து மூக்கு, விளக்கு, கதவு எல்லாவற்றையும் வெட்டி எடுத்து ஆந்தையின் உடம்பில் ஒட்டவைத்தார். வெட்டினது தெரியாமல் பற்றவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் அசல் சதுரக்கண். கம்பெனி ஆளே ஒருதரம் ஏமாந்துபோனான். "அடியில படுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி மொத்தம் ஆறு வண்டிக்கு வேஷம் கட்டினார். ஆறாவதும் அதே குவாரிக்காரருடையதுதான். அதற்கு, கைப்பிரேக்கின் பிடியைக்கூடக் கம்பி இழுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். பிடிதான் இடம் மாறியது. பிரேக் பழையபடி அந்தத் தண்டைத்தான் பிடித்தது. அந்த வண்டியின் மூக்கைப் பற்றவைக்கும்போது ஆடாமல் பிடித்துக்கொண்டவள் நான். பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான்.

தம்பி திரும்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வேஷம் கட்டின சமாச்சாரத்தை நாங்கள் இரண்டு பேரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. இவர் ஸ்பிரிங் பட்டை வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். அந்தப் பச்சை வண்டி பின்பக்கம் சத்தம் போடுகிறது என்று வந்தது. தம்பி பார்த்தான். சதுரக்கண். ஏறி உட்கார்ந்து, சதுரக்கண்ணில் இருக்க வேண்டிய இடத்தில் பிடி இருக்கவே அதை இழுத்தான். நன்றாக இறுகியது. இறங்கி, ஒன்றரை வருஷமாகச் செய்து பழகினபடி, கல் வைக்காமல் பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்தான். அடியில் போய்ப் படுத்தான்.

நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது மத்தியானம் ஒன்றரை இருக்கும். அவன் கால் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற கால்தானே, எழுந்திருடா சாப்பிட என்று செருப்புக் காலால் லேசாகத் தட்டினேன். அப்புறம்தான் ஜாக்கி சாய்ந்து, வண்டி நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பதைப் பார்த்தேன்.

போலீஸ்காரர் வந்தார். உள்ளே ஏறிப் பிடியைப் பார்த்தார், இழுத்திருந்தது. கீழே பார்த்தார், கல் இல்லை.

"கல்லு வைக்கலையா?" என்று இவரைக் கேட்டார்.

"வைக்கல."

"வைக்கணும்ல?"

"வைக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு வார்த்தை பொய் கிடையாது. கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தையல்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அழாமல் கேட்டாள். "அண்ணா, ஒரு கல்லு வெச்சிருந்தா இருந்திருப்பாரா?"

"இருந்திருப்பான்மா" என்றார்.

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தேன். பக்கத்துத் தெருச் சண்டையில்கூட வாயை விடுகிறவள் நான். அன்றைக்கு வாயே வரவில்லை. அவள் போனதும், மிச்சப் பாதியை யார் சொல்வது என்று கேட்டேன். வேஷம் கட்டினது வெளியே தெரிந்தால் ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றார். நான் அரிசி களையப் போய்விட்டேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அதன்பிறகு அவர் வேஷம் கட்டவில்லை. மருமகளைத் திரும்பவும் எடுத்து வைத்தார். மாமியாரையும் கேட்டார், நான் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக பஸ் ஏறிப் போவார். வேஷம் கட்டின வண்டிகளைத் தேடிப் பிடித்து, அடியில் போய்ப் படுத்து, ஜாக்கி வைக்கிற இடத்தில் ஏதோ எழுதிவிட்டு வருவார். ஒருதரம் நானும் கூடப் போனேன். தம்பி பெயரை எழுதுகிறார் என்று நினைத்து மனசு கொஞ்சம் இளகியது. என்ன எழுதினீங்க என்று கேட்டேன். "கல் வை" என்றார். அப்படி அஞ்சு வண்டிக்கு எழுதினார். ஆறாவதைக் குவாரிக்காரர் உடனே கைமாற்றிவிட்டார். அது எந்த ஊரில் எவன் கையில் இருக்கிறதோ, கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. தெருவில் பச்சைச் சதுரக்கண் எதிரே வந்தால் அந்த ஆள் பாதி ரோட்டில் நின்றுவிடுவார்.

தையல்காரிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, புருஷன் ஒரு கல்லை நகர்த்தி வைக்கச் சோம்பல்பட்டுச் செத்தான் என்பதுதான். தையல் மெஷினுக்கு நேரே அவன் போட்டோவை மாட்டியிருந்தாள். தைத்துக்கொண்டே திட்டுவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அப்பா கையெழுத்துக் கேட்டால் திட்டு. கூரை ஒழுகினால் திட்டு. "ரெண்டு அடி தள்ளி இருந்த கல்லு. நெட்டையா வளந்தியே, குனிய முடியலையா உனக்கு?" நான் போகும்போதெல்லாம் கேட்பேன். பத்தொன்பது வருஷம் கேட்டேன். என் தம்பியை என் காதுபட ஒருத்தி சோம்பேறி என்கிறாள், நான் அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

நாலாவது மாடல் வந்தது. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. குளிர்காற்று, டிவி, எல்லாம் உண்டு. கோளாறு என்றால் மடிக்கம்ப்யூட்டரை ஒயரில் மாட்டி அதைத்தான் கேட்கிறார்கள், வண்டியைக் கேட்பதில்லை. கைப்பிரேக்குக்குப் பிடியே கிடையாது, ஒரு பொத்தான். இவர் அதை ஒருதரம் அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். ஷெட்டை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தார். கடைசி வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்து, கட்டிலோடு ஆகிவிட்டது. சாவதற்கு நாலு நாள் முன்னால், காலையில் முகம் துடைத்துவிடும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட நீ சொல்லிடு."

"உனக்கு வாய் இருந்தப்பல்லாம் மூடி வெச்சிருந்த. இப்ப என் வாயைக் கேக்கறியா?" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஈரத்துணி கையில் இருந்தது, திரும்பவும் துடைத்துவிட்டேன்.

அவர் போய் ஒரு மாதம் கழித்துப் போனேன். தையல்காரி பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொன்னேன். ஆந்தை, சதுரக்கண், பிடியை மாற்றினது, தண்டு, சரிவு. அவன் கற்றுக்கொண்டது சரி, அவன் செய்ததும் சரி, வண்டிதான் பொய் என்றேன். மெஷின் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"அப்ப சோம்பேறித்தனம் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"அன்னைக்கே. அந்த மூக்கைப் பிடிச்சிக்கிட்டு நின்னதே நான்தான்."

எழுந்துபோய்ப் போட்டோவைக் கழற்றினாள். வெட்டுத்துணி ஒன்றை எடுத்து, கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அதில் தூசியே இல்லை. "பத்தொம்பது வருஷம் அண்ணி. ஒரு நாள் விட்டதில்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத்தான் போனேன். திட்டவில்லை. "நீங்க போங்க அண்ணி" என்றாள். போனேன்.

இப்போது என் மகள்தான் அங்கே போய்வருகிறாள். போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனாள். போட்டோ திரும்பவும் அதே ஆணியில் இருக்கிறதாம். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே தைக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, வீடே சத்தமில்லாமல் இருக்கிறது என்றாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன்.

இல்லை என்றாள்.