சோற்றை விட்ட அத்தான்

சோதனைக் குழாயில் நீலம் அப்படியே நின்றது. ஸ்பிரிட் விளக்கில் கொதித்துத் தணிந்த பிறகும் நிறம் மாறவில்லை. அக்கா அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இங்க பாருங்க, இன்னைக்கும் நீலம்தான்" என்றாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான் வாய் நுரையோடு சிரித்தார்.

அத்தான் பேருந்து ஓட்டுநர். செங்கோட்டையிலிருந்து குற்றாலம் வழியாகத் தென்காசி வரும் தடம். எழுபதுகளின் கடைசியில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, வீடே ஒடுங்கிப்போயிற்று. கண் மங்கினால் வண்டியைத் தரமாட்டார்கள் என்பதுதான் அவருடைய பயம். நான் அப்போது தென்காசியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். சிறுநீரின் சில சொட்டுகளைப் பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கினால் சர்க்கரை தெரியும் என்று அக்காவுக்குச் செய்துகாட்டினேன். முதல் நாள் வந்தது செங்கல் நிறம். அக்கா குழாயைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். அத்தான் கொஞ்ச நாளில் அறவே விட்டுவிட்டார். இட்லி, தோசை, காப்பியில் சீனி எல்லாம் போயின. இரண்டு முட்டை, ஒரு தட்டுக் கீரை, புடலங்காய்ப் பொரியல், சாளைமீன், மோர். எங்கள் தட்டிலிருந்து சோற்று ஆவி எழும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். செங்கல் நிறம் மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாயிற்று. அந்த மகிழ்ச்சியில் டாக்டரைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது.

சீசன் நேரம். குற்றாலத்தில் குளித்து ஏறியவர்களின் ஈரத்துண்டுகளோடு வண்டி நிறைந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் அத்தானுக்குக் கை நடுங்கியது. பார்வை இரண்டாகப் பிரிந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். "சாரல்ல எல்லாரும் குளிர்ல நடுங்குதோம், அண்ணாச்சி சட்டை மட்டும் வேர்வையில நனைஞ்சு கிடக்கு" என்று கண்டக்டர் பிறகு எங்களிடம் சொன்னார்.

யாரோ பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தார்கள். அத்தான் கையால் தள்ளினார். "சீனி எனக்கு ஆகாதுலே." தென்காசிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி கூட்டத்தை விலக்கி வந்தாள். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று கண்டக்டர் சொன்னதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "அண்ணாச்சி, இது சீனி கூடினதில்ல, குறைஞ்சுபோனது. இப்ப குடிக்கலன்னா மயங்கிருவீங்க" என்று இன்னும் இரண்டு கரண்டி சீனி போடச் சொல்லி, தம்ளரை அவர் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் கேட்டது, "வண்டியில யாருக்கும் அடி கிடி படலியே?"

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கோபப்படவில்லை. "நீலம் வந்தா மூத்திரத்துல சர்க்கரை இல்லன்னுதான் அர்த்தம். ரத்தத்துல எவ்வளவு இறங்கிட்டுன்னு அது சொல்லாது. சோத்தை விட்டவர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்லா" என்றார். அத்தானின் கண்ணும் சிறுநீரகமும் நன்றாகவே இருந்தன. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

இன்று எனக்கும் சர்க்கரை இருக்கிறது. விரல் நுனியில் ஒரு குத்து, எண் தெரிந்துவிடுகிறது; கூடினாலும் குறைந்தாலும். அத்தானோ ஓய்வுபெறும் வரை அந்தத் தடத்திலேயே ஓட்டினார்.

அவர் மீண்டும் வேலைக்குப் போன முதல் நாள், அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். செங்கோட்டை போய்ச் சேரும்வரை அவருடைய பிடரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிடரி வேர்வையில்லாமல் காய்ந்தே இருந்தது. திரும்பி வரும்போது குற்றாலத்தில் கூட்டம் ஏறி, ஒரே இரைச்சல். அக்கா என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.