நான் சிமெண்ட் வைத்து அடைத்த காற்றுக்குழாய்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகள் பிரசவத்துக்கு வருகிறாளே என்று, அவள் படுக்கப்போகிற அறையை ஒட்டிய குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினேன். அதன் கழிவுநீர்க் குழாயிலிருந்து மொட்டை மாடிக்கு ஒரு காற்றுக்குழாய் போகும். வீடு கட்டும்போது என் மனைவி செல்வி சண்டை போட்டு வைத்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள், மருந்துத்தூள் ஒட்டி விரலெல்லாம் வெள்ளி பூசியதுபோல இருக்கும். காய்ச்சலில் அவள் இறந்து நான்கு வருஷமாகிறது. மாடியில் டைல்ஸ் ஒட்டியபோது, அந்தக் குழாய் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே என்று தரைமட்டத்துக்கு அறுத்து, வாயில் சிமெண்ட் வைத்து நானே அடைத்துவிட்டேன். பிளம்பர் முருகனிடம்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு புத்தி.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் முருகன் சோதனைக்கு வந்தான். எங்கள் ஊரில் இதற்குக் கலர் புகைப் பட்டாசுதான். கீழே குழாய்க்குள் பச்சைப் புகையை விட்டு மூடினால், ஓட்டை இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தவன் சந்தோஷமாகச் சொன்னான்: "எங்கயும் லீக் இல்ல அண்ணாச்சி. மேல காத்துக்குழாய்ல எம்புட்டு அழகா போகுது பாருங்க."

அந்தக் குழாயைத்தான் நான் அடைத்துவிட்டேனே! மாடிக்கு ஓடினோம். நான் அடைத்த அதே இடத்திலிருந்து பச்சைப் புகை குபுகுபுவென்று வருகிறது, சிமெண்டில் மயிரிழை வெடிப்புகூட இல்லை.

"இத யாரக் கேட்டு அடைச்சீக?" என்றான் முருகன். "காத்துக்கு வழியில்லேன்னா, தண்ணி விடும்போது, நாத்தம் மேல வராம குழாய் வளைவுல நிக்கிற தண்ணியையும் சேத்து இழுத்துரும். அப்புறம் செப்டிக் தொட்டி விஷவாயு பூரா பச்சப்புள்ள ரூம்புக்குள்ளதான்."

உளி வைத்துத் தட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், அடைப்பு முழுசாகக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில், குழாயின் உள்ளே இருந்த பக்கத்தில், வெள்ளி நிறத்தில் நான்கு விரல் பதிந்திருந்தது. நான் பூசியது மேலிருந்து.

அன்றைக்கே புதுத் துண்டு ஒட்டி, குழாயைப் பழையபடி உயர்த்தி வைத்தோம். பேரனுக்கு இப்போது ஒரு வயது, அந்த அறையில்தான் தூங்குகிறான். சிமெண்ட் கட்டியை பீரோவில் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை துடைத்தாலும், தொட்டால் இன்றைக்கும் என் விரலில் வெள்ளி ஒட்டுகிறது.