ஒரு கையால் தூக்கும் சில்லு

போன கிழமை மட்டக்களப்பு நகரில் பல் வைத்தியரிடம் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாயின் பாதி மரத்துக் கிடந்தது. சந்தியில் ஆட்டோ நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர், உடைந்த வான் பம்பர் ஒன்றைப் பைபர் துணி வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். ரெசின் மணம் குப்பென்று உள்ளே வந்தது. சாரதி மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் தலையை வெளியே நீட்டி நெஞ்சு நிறைய இழுத்தேன். மரத்த வாயோடு சிரித்தது அவருக்கு வேறுமாதிரித் தெரிந்திருக்க வேண்டும். "பல்லு நோகுதா மிஸ்?" என்று கேட்டார்.

அந்த மணத்தை அறியாதவருக்கு எப்படிச் சொல்வது? அழுகத் தொடங்கிய அன்னாசியில் மண்ணெண்ணெயை ஊற்றிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திமூன்று வயதிலிருந்து சில வருடங்கள் என் உடுப்பிலும் தலைமுடியிலும் அதுதான் வீசியது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதுவும் ஒரு வசதிதான்.

வேலை செய்த இடம் காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவே, வாவிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. உரிமையாளர் நசீர் நானா; அண்ணனை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் நானா என்பார்கள். வளைகுடா நாட்டில் ஒன்பது வருடம் இருந்தவர். அதில் பாதி படகு செய்யும் இடத்தில், மீதி மணலில் ஓடும் பந்தயக் கார்களுக்குச் சில்லு, அதாவது சக்கரம், செய்யும் இடத்தில். ஊருக்குத் திரும்பி மீனவர்களின் பைபர் தோணிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தோணி திருத்துகிற கையை அந்தச் சில்லு நினைவு விடவில்லை. "ஒரு கையால தூக்கி இடுப்பில வெச்சிட்டுப் போகலாம் தங்கச்சி, அப்பிடிச் சில்லு" என்று தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்வார். தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்துவிட்டு வேலை தேடித் திரிந்த என்னை, தோணியின் அளவுகளைக் கீறுவதற்காகச் சேர்த்திருந்தார். நான் கீறிய முதல் தோணி கடதாசியில் அழகாக இருந்தது. தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைப் பற்றி நானா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தவமணியக்கா வந்தது ஒரு மாரி முடிந்த காலத்தில். வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். யுத்த காலத்தில் முதுகில் பட்ட காயத்தால் இரண்டு கால்களும் இயங்காது. தையல்தான் தொழில். தைத்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியில் நாள்தோறும் ஆரையம்பதிக் கடைக்கு வருவார். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவை ஒன்றுதான். நாங்கள் அதைப் பாதை என்போம். பாதையில் ஏற ஒரு சாய்ந்த இரும்புத் தட்டு. அந்தத் தட்டில் அவருடைய வண்டி ஏறாது. இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும்.

"ஒருத்தரும் மாட்டனெண்டு சொல்றல்ல" என்றார், கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தியபடி. "ஓடி வந்து தூக்குவாங்க. காலையில ரெண்டு பேர், பின்னேரம் ரெண்டு பேர். ஒவ்வொரு நாளும் நாலு பேருக்கு நான் சிரிக்கணும். எனக்குச் சிரிக்க மனமில்லாத நாளும் இரிக்கிதானே நானா?"

நானா வண்டியின் பின்சில்லைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். "இது சில்லில்ல, அம்மி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கீறுங்க தங்கச்சி" என்றார்.

பாரத்தில் இரண்டு விதம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வண்டியின் உடம்பில் இருக்கும் பாரம் சும்மா உட்கார்ந்து வரும். சில்லின் விளிம்பில் இருக்கும் பாரத்தையோ தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஆகவே விளிம்புக்கு அலுமினிய ரிம். அச்சு நுழையும் நடுப்பகுதிக்கு, நாங்கள் குடம் என்போம், கடைசல் பட்டறையில் கடைந்த அலுமினியம். இரண்டையும் இணைக்கக் கம்பிகளுக்குப் பதில் பைபர் தட்டு இரண்டு, நடுவே நுரை. இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே கிரீம் வைத்த மாதிரி.

நுரைக்கு நான் தேர்ந்தெடுத்தது வெள்ளை ரெஜிபோம், டீவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த உதிரும் வெள்ளைத் தக்கை. இலேசு, எங்கும் கிடைக்கும் என்று பெரிய விளக்கமும் கொடுத்தேன். ரெசினை ஊற்றினோம். கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ரெசின் அதைக் கரைத்துக் குடித்துவிட்டிருந்தது. பிறகு உடைந்த மீன் ஐஸ் பெட்டிகளிலிருந்து மஞ்சள் நுரையை அறுத்தெடுத்தோம். அது கரையவில்லை. மீன் மணம்தான் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை சில்லைச் சுற்றிச் சுற்றி வந்தது.

பின்சில்லுச் சோடி முடிந்த அன்று தவமணியக்கா ஒன்றை ஒரு கையால் தூக்கினார். இன்னொரு தரம் தூக்கினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்க மனமில்லாதவர் போல் சற்று நேரம் இருந்தார்.

மறுநாள் பின்னேரம் துறையில் ஏற்றிப் பார்த்தோம். தட்டின் பாதி வரை வண்டி சுகமாக ஏறியது. அங்கே ஒரு சத்தம், தேங்காய் பிளக்கிற மாதிரி. வலப்பக்கச் சில்லு குடத்தை விட்டுக் கழன்றது. வண்டி அக்காவோடு சாய்ந்து முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். "கைய விடுங்க, கைய விடுங்க!" என்று அவர் கத்தியபோதுதான் வலது மணிக்கட்டைப் பார்த்தோம். எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை கட்டு என்றார் வைத்தியர். கையால் நடக்கிற மனுசியின் கையை நாங்கள் உடைத்துவிட்டோம்.

கழன்ற குடத்தை நானா மேசையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பைபரின் ஒரு நூல்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. கழுவிய கோப்பை மாதிரி பளபளத்தது. "ரெசின இறுக வைக்கிற மருந்து வெக்கையில பழசாப் பெயித்து. பாக்காம ஊத்தினது என்ட பிழை" என்றார். மருந்துக் கலனை எடுத்துப்போய் வெளியே வைத்தார்.

மருந்து பழசாகவில்லை. அது எனக்குத் தெரியும்.

சில்லு வார்த்த அன்று மதியம் நான் தலையை அவிழ்த்துத் தேங்காயெண்ணெய் தடவிப் பின்னியிருந்தேன். பைபர் தூசியில் முடி நாராகிப் போகிறது என்ற கவலை. அந்தக் கையாலேயே, நானா துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த குடத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பி அழகு பார்த்தேன். அலுமினியத்தில் என் விரல் அடையாளங்கள் தெரிந்தன. தாவணி நுனியால் ஒரு துடை துடைத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். எண்ணெய் துடைத்தால் போகிறதில்லை, பரவுகிறது. எண்ணெய் இருக்கிற இடத்தில் ரெசின் பிடிக்காது. இது எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் வேறொருவர் தன் தம்பிக்குச் சில்லு கேட்டு வந்தார். "நமக்கு அது சரிவராது வாப்பா" என்று நானா திருப்பி அனுப்பினார். இவ்வளவு காலமும் ஆசைப்பட்ட ஒன்றை அவர் அப்படிக் கைவிட்டதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் மேசையிலிருந்த குடத்தைக் கையிலெடுத்தார். "எனக்குச் சொன்னது சரி. அவவுக்கு ஆரு சொல்ற?"

இருவரும் பாதையில் ஏறிப் போனோம். தவமணியக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி தையல் மெசினுக்கு முன்னால் சும்மா இருந்தார். நான் சொல்லி முடித்தேன். அவர் என் தலையைப் பார்த்தார்.

"தலைக்கு எண்ணெ வெச்ச கையால நான் வெள்ளைத் துணியத் தொடமாட்டன் புள்ள" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஏசியிருந்தாலும் எனக்கு அந்த அளவு பட்டிருக்காது. அழுதேன். அவர் அழவிட்டார். பிறகு, "அந்தச் சாமானத் தாங்க நானா" என்று குடத்தை இடக்கையில் வாங்கித் தடவினார்.

"இத ஒட்டி மட்டுமா வெச்சீங்க?"

"ஓம்."

"பொத்தான ஒட்டி வெச்சா நிக்குமா? ஓட்டை இரிக்கிறதாலதானே நூல் ஏறும்."

நானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாதையில் திரும்பி வரும்போது நானா குடத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கோபமென்று நினைத்தேன். இறங்கும்போது, "எத்தினை ஓட்டை போடலாம் தங்கச்சி?" என்று கேட்டார்.

குடத்தின் விளிம்பில் வட்டமாக ஓட்டைகள் போட்டோம். ரெசினில் நனைத்த பைபர் நூலை அவற்றினூடாகக் கோத்து இரண்டு பக்கத் தட்டோடும் சேர்த்துப் பிடித்தோம். கோத்தது பெரும்பாலும் தவமணியக்காவின் இடது கை. கட்டு அவிழ்க்கும் வரை வீட்டில் சும்மா இருக்க முடியாதென்று, யாரையாவது வண்டியைத் தள்ளச் சொல்லிக் கொட்டகைக்கே வந்து இருந்தார். வேலை தொடங்க முன் என்னைக் கூப்பிடுவார். "கையக் காட்டு புள்ள." திருப்பி, மோந்து பார்த்த பிறகுதான் விடுவார். வாசலில் சவர்க்காரமும் வாளித் தண்ணீரும் வைத்தது நானா. அவரும் கழுவிவிட்டு வந்து கையைக் காட்டுவார், எனக்கு வெட்கமாக இருக்கக்கூடாதென்று.

இந்த முறை யாரையும் உடனே ஏற்றவில்லை. வண்டியில் இரண்டு நெல் மூட்டையை வைத்து, அதே தட்டில் ஒரு கிழமை ஏற்றி இறக்கினோம். பாதைக்காரர்கள் எங்களுக்கு விசர் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். சில்லு அசையவில்லை.

பிறகு தவமணியக்காவின் நாள் வந்தது. வண்டி துறைக்கு வந்ததும் பழக்கத்தில் இரண்டு பேர் தூக்க ஓடி வந்தார்கள். "நில்லுங்க" என்றார். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். வண்டி தட்டில் ஏறியது. பாதியில், முன்பு சத்தம் வந்த அதே இடத்தில், ஒரு கணம் நின்றார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சுற்றினார். மேலே போய், வண்டியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டார். பாதை நகர்ந்தது. அவர் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவருக்கும் சிரிக்கவில்லை. கரையில் நின்ற நானாவும் நானும்தான் பைத்தியக்காரர்கள் போல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு பலர் வந்தார்கள். பழுகாமத்திலிருந்து வயலுக்குப் போக வேண்டும் என்று ஒருவர். பாசிக்குடாவில் வேலை செய்யும் ஒரு மகன், நடக்க முடியாத தன் அம்மா மணலில் இறங்கிக் கடலில் காலை வைக்க வேண்டும் என்று அகலச் சில்லு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கீறல். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கீறியவை அவைதான். இப்போது அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்களின் வரைபடம் கீறுகிறேன். பிழை விட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். அதனால் எனக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் சமமாக உண்டு. அன்று நானாவும் அக்காவும் என்னைத் துரத்திவிட்டிருக்கலாம், துரத்தவில்லை. அதற்கான நன்றியை ஒருநாளும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் அக்கா கேலி பண்ணுவார். நானா பேச்சை மாற்றுவார்.

சில வருடங்களில் வெளிநாட்டு வண்டிகள் வரத் தொடங்கின. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எங்களுடையதை விட இலேசு, பொறாமையாக இருந்தது. தேவையானவர்களுக்கு நல்ல வண்டி கிடைக்கிறதே என்று நானா சந்தோசமாகவே கொட்டகையைப் பூட்டினார். இப்போது ஏறாவூரில் மகளோடு இருக்கிறார். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் வாகனம் நிறுத்துகிறார்கள்.

மண்முனையில் பாலமும் வந்துவிட்டது. பாதையைக் கொண்டுபோய்விட்டார்கள். இரும்புத் தட்டு இருந்த இடத்தைப் போன வருடம் பாலத்திலிருந்து தேடினேன். கண்டல் மரம் மூடிவிட்டது. தவமணியக்கா பக்கத்தில் இருந்தார், பட்டரியில் ஓடும் புது வண்டியில், மடியில் வெள்ளைச் சட்டைகளோடு.

"அதில ஏறத்தானேக்கா அவ்வளவு பாடு பட்டம். இப்ப பாதையே இல்ல" என்றேன்.

அவர் கீழே பார்க்கக்கூட இல்லை. கடைக்கு நேரமாகிறது என்று வண்டியைக் கிளப்பினார்.

"ஏறினன்தானே புள்ள" என்றார்.