மஸ்கட்டில் ஊதிய சங்கு

என் மகளுக்குத் திருவள்ளூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும், கும்மிடிப்பூண்டி வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் மூவரும் இங்கே குடிவந்தோம். நான் அங்கே வீட்டுக்குப் பக்கத்து இரும்பு ஆலையில் ஷிப்டு பார்த்தே பாதி ஆயுளைக் கழித்து, விருப்ப ஓய்வு பெற்றவன். விருப்பம் ஆலையினுடையது. இப்போது நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். வீட்டில் அவற்றைப் படித்து எவரும் சிரித்ததில்லை.

மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த எளாவூர்ப் பையன். கல்லூரிக்கு ஒரே ரயிலில் போன பழக்கம். போன வருடம் வெல்டர் வேலைக்கு மஸ்கட் போனான். முதலில் வீடியோவில் வந்தான். ஒருமுறை கடலைக்கூடக் காட்டினான். எல்லாக் கடலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று தோன்றியது, கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நெட் சரியில்லை என்று வெறும் குரலானான். தையில் வருவதாகச் சொன்னான், லீவு கிடைக்கவில்லை. சித்திரை என்றான்; பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவை பீரோவில் ஒரே மடிப்பில் இருந்தால் இற்றுப்போகும் என்று, என் மனைவி அவ்வப்போது அதைப் பிரித்து வேறு மாதிரி மடித்து வைப்பாள்.

"உன் ஆளு வர்றதுக்குள்ள இது கிழிஞ்சிடும்டி."

"வருவாரும்மா" என்பாள் மகள். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்று நம்பும் இனம்.

ஆவணிக்கு நாள் பேச, ஒரு சனிக்கிழமை மதியம் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"மாமா, எப்டி கீறீங்க? கட்டுரையெல்லாம் எழுதிக்கினு கீறீங்களா?"

"எழுதிக்கினுதாம்பா கீறேன். ஊட்ல ஒருத்தரும் சிரிக்க மாட்றாங்க."

"நான் சிரிக்கிறேன் மாமா" என்று சிரித்தான். தங்கமான பையன் என்று நினைத்தேன். "ஆவணில கண்டிப்பா வந்துடறேன். டிக்கெட் மட்டும்தான்..."

அப்போது போனுக்குள் சங்கு ஊதியது.

ஆலைக்கு ஆலை சங்கின் குரல் வேறு. எங்கள் ஆலைச் சங்கை என்றோ பழுதுபார்த்த புண்ணியவான் எதையோ சரியாக மாட்டவில்லை. அன்றிலிருந்து முதலில் ஒரு விக்கல், கொஞ்சம் மௌனம், அப்புறம்தான் ஓலம். விக்கல் கேட்டது. ஓலம் எழுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஷிப்டு முடிந்தால் எழும் உடம்பு. ஓய்வு பெற்ற செய்தியை அதற்கு யாரும் தெரிவிக்கவில்லை.

அசட்டுத்தனமாக மகளைப் பார்த்தேன். அவளும் எழுந்து நின்றிருந்தாள். அந்தச் சங்கு ஊதினால் நைனா வரப்போகிறார், வெந்நீர் போடவேண்டும். பள்ளி இல்லாத நாட்களில் சின்ன வயதிலிருந்தே அது அவள் வேலை.

மஸ்கட் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அவனுக்கு அந்தச் சத்தம் காதில் ஏறவே இல்லை. அங்கேயே இருப்பவர்களுக்கு ஏறாது. எங்களுக்கும் அங்கே இருந்தவரை உடம்புதான் கேட்டதே தவிர, காது கேட்டதில்லை. அதனால்தான் போனைப் பொத்திக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

"மாமா, லைன்ல கீறீங்களா?"

மகள் குனிந்தாள். வகுப்பில் பேசுகிற குரல். "அங்க இப்ப மணி இன்னா?"

"இங்கயா? பன்னெண்டரை."

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு. மஸ்கட்டுக்கும் நமக்கும் உள்ள ஒன்றரை மணி நேரத்தைப் பிசகாமல் கழித்திருந்தான். யோசிக்கக்கூட இல்லை.

"சாப்ட்டீங்களா?"

"இனிமேதாம்மா."

"சரி, சாப்டுங்க" என்று போனை வைத்தாள்.

அவள் சமையலறைக்குப் போய் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். நான் எந்த ஷிப்டிலிருந்தும் வரவில்லை என்று ஞாபகப்படுத்தும் தைரியம் எனக்கு இல்லை.

"நைனா" என்றாள், திரும்பாமல். "திங்கக்கிழம லீவு போடறேன். நம்ம ஆலைல ரெண்டு மணிக்கு ஷிப்டு வுட்டா வெல்டருங்க எந்த கேட்டாண்ட வருவாங்க?"

"ஒரே கேட்டுதாம்மா."

உள் அறையில் என் மனைவி பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது.