எழுபதைத் தாண்டினா சிவப்பு

சூடான தூசி வாசனை தெரியுமா உங்களுக்கு? கம்ப்யூட்டரோட பக்கத்து மூடிய கழட்டிட்டு, எதிர்ல டேபிள் ஃபேன வச்சா ஒரு வாசனை அடிக்கும். பிளாஸ்டிக் உருகப் போற மாதிரி... இன்னும் என் மூக்குல இருக்குது.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு இருக்கும். திருத்தணில மலைக்குப் போற ரோட்டுக்குப் பின்னால ஒரு சின்ன வீடியோ கடை. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஓனர் நசீர் பாய் கேமரா, நான் கல்யாண வீடியோ மிக்ஸிங், அதாவது வெட்டி ஒட்டற வேலை. கடையே அவ்ளோதான்.

கத்திரி வெயில் வந்தா போதும், மெஷின் பாதி ரெண்டர்ல பட்டுனு அணைஞ்சிடும். ரெண்டர்னா, வெட்டி ஒட்டின படத்த எல்லாம் சேத்து சிடில ஏறுற அளவுக்குச் சுருக்கறது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு பகல் பூரா ஓடும். நடுவுல அணைஞ்சா மறுபடி முதல்லேந்து...

பாய் ஒரு கம்ப்யூட்டர் மேகசினோட வந்த சிடிலேந்து என்னமோ சாஃப்ட்வேர் எடுத்துப் போட்டாரு. கீழ, கடிகாரத்துக்குப் பக்கத்துல ஒரு நம்பர் தெரியும். உள்ள இருக்கற சூடு. அறுபது வரைக்கும் பச்சை. எழுபதைத் தாண்டினா சிவப்பு. அதுக்கு மேல போனா மெஷின் தானா படுத்துக்கும்.

அன்னிலேந்து எனக்கு அதான் வேலை. டிபன் பாக்ஸ் மடில, கண்ணு நம்பர்ல. வீட்டுக்குப் போய் குக்கர் வச்சிட்டு நின்னா கூட அறுபத்தி எட்டு, அறுபத்தி ஒம்பதுன்னு மனசு எண்ணும். அப்படி ஒரு அலுப்பு அது.

ஒரு நாள் காலைல விஜயா வந்தா. பள்ளிப்பட்டுப் பொண்ணு, அந்தப் பக்கம் அப்பாவ நைனான்னுதான் சொல்வாங்க. ரெண்டு மாசம் முன்னாடி அவ கல்யாணத்துக்கு நாங்கதான் வீடியோ. மஞ்ச கயிறு இன்னும் புதுசா இருந்துச்சு. முகந்தான் செத்துப் போயிருந்துச்சு.

"அக்கா, நைனா போயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... அம்மா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. வீடியோல நைனா நடக்கறத ஒரு வாட்டி காட்டுங்கடின்னு அதையே கேட்டுகினு இருக்குது."

அந்த வீடியோ இன்னும் முடியல. ரெண்டு தடவ பாதில நின்னு போச்சு. கேசட்டும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் அதே கேசட்ட அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுடுவோம், அப்ப எல்லா கடைலயும் அப்படித்தான். அவங்க நைனா இருந்தது அந்த ஹார்ட் டிஸ்க்ல மட்டும். அது வேற ஒரு வாரமா டக் டக்குனு சத்தம் குடுத்துகினு இருந்துச்சு.

"டிஸ்க்க கழட்டி அரக்கோணத்துல ரிப்பேர் கடைக்கு எடுத்துனு போலாமா பாய்?"

"வாணாம்மா. பஸ்ஸு ஆட்டத்துல இருக்கறதும் போயிடும். இங்கயே எடுக்கற வரைக்கும் எடு."

கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம்னு முடிவு பண்ணேன். ரெண்டு மூணு நிமிஷத் துண்டு. நம்பர் சிவப்பானா நிறுத்து, ஆற விடு, மறுபடி போடு. வழக்கமா முகூர்த்தத்துலேந்துதான் ஆரம்பிப்போம். அன்னிக்கு அவங்க நைனா இருக்கற இடத்த மொதல்ல தேடினேன்.

தேடினா... ஆளே கிடைக்கல. பொண்ணப் பெத்தவர யாரு எடுப்பா? ஒரு ஓரத்துல முதுகு. பந்தில சாம்பார் வாளிய தூக்கிகினு ஓடற கை. யாரோட தோளுக்குப் பின்னாலயோ பாதி முகம்.

விஜயா பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து, ஒரு பழைய பத்திரிகை அட்டையால கம்ப்யூட்டர் பெட்டிக்கு விசிறிகினே இருந்தா.

"எவ்ளோக்கா?"

"அறுபத்தி ஆறு."

"இறங்குதா?"

"ஆங்... இறங்குது. கை வலிக்கும், நிறுத்தும்மா."

நிறுத்தல.

மதியம் தாண்டி ஒரு இடம் மாட்டுச்சு. மண்டப வாசல்ல அவரு மட்டும் தனியா. பாய் குரல் கேக்குது, "நைனா, இங்க பாருங்க." அவரு கூச்சமா சிரிச்சு, வேட்டிய சரி பண்ணிகினு, "என்னை எதுக்குப்பா எடுக்கற? போ, மாப்பிள்ளைய எடு"ங்கறாரு. போறாரு. நடந்தே போறாரு, மண்டபம் பூரா.

விஜயா விசிறினது நின்னு போச்சு. நானும் நம்பர பாக்கல. பாய்தான் பின்னாலேந்து, "சுமதி, எழுபத்தி மூணும்மா"ன்னாரு.

நிறுத்தினோம். ஆற வச்சோம். அந்தத் துண்ட எல்லாம் சுருக்கி ஒரு சிடில எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. பத்து நிமிஷம் கூட வராது.

அப்பால முகூர்த்தம் போட்டேன். மாலை மாத்தறதுக்குள்ள அணைஞ்சிடுச்சு. ஆற விட்டு ஆன் பண்ணா, கருப்புத் திரை. டக் டக் டக். டிஸ்க் போயிடுச்சு.

பாய் தலைல கைய வச்சிகினு உக்காந்துட்டாரு. எனக்கு அவ முகத்தப் பாக்க முடியல. தாலி கட்டினது, அட்சதை, எல்லாம் போச்சும்மான்னு சொன்னேன்.

"தாலி கட்டும்போது நான் அங்கதானக்கா இருந்தேன்"ன்னு சொல்லிட்டு, சிடிய முந்தானைல சுத்தி எடுத்துகினு பஸ்ஸுக்குப் போயிட்டா.

அவங்க அம்மா எழுந்து உக்காந்து பாத்தாங்களாம். ஒரு மாசம் கழிச்சு அந்த சிடியவே எடுத்துனு, அதுலேந்து இன்னொரு காப்பி போடச் சொல்லி விஜயா வந்தப்ப சொன்னா. பாத்துப் பாத்து மொத சிடில கீறல் விழ ஆரம்பிச்சிடுச்சாம்.

கடைய மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. பாய் இப்ப அவரு மகனோட ஊர்ல போய் இருக்காரு. எனக்குக் கண்ணும் சரியில்ல, கழுத்தும் சரியில்ல. இப்ப கல்யாணத்துக்கு ட்ரோன் பறக்குது. எடிட் பண்ற பசங்க ஏசில உக்காந்துனு வேலை பாக்கறாங்க. மெஷினுக்குள்ள சூடு எவ்ளோன்னு எவனும் எட்டிப் பாக்கறதில்ல.

போன வருஷம் எங்க அப்பா தவறிட்டாரு. என் போன்ல அவரு வீடியோ எவ்ளோ இருக்குதுன்னு எனக்கே தெரியாது. டீ குடிக்கறது, பேரன திட்டறது, சும்மா உக்காந்துனு இருக்கறது...

இன்னும் ஒண்ணு கூட திறந்து பாக்கல.

பாக்கணும். கொஞ்ச நாள் போகட்டும்.