திதி தெரியாத வீடு

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனால் என் ஓட்டோவைக் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிறுத்த வேண்டும். அது ஐயாவின் கட்டளை. கடல் பார்க்கவென்றே உடுவிலிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். வந்து, பின்சீற்றில் இருந்தபடி, என் பக்கக் கண்ணாடியில் தெரிகிற உள்ளங்கை அளவு கடலைப் பார்ப்பார். படகுகளில் வெளிச்சம் போடுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். "தம்பி, லைற் கொளுத்தப் போறாங்கள், ஓட்டோவை எடும்" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் பின்சீற்றில் இருந்தவர்களின் வாயிலிருந்து வந்தது. யாராவது நல்ல கதை சொன்னால், அவர் இறங்கிப் போனதும் கொப்பியில் எழுதி வைப்பேன். அதில் கூடுதலான பக்கம் பிடித்தவர் ஐயாதான்.

எண்பதைத் தாண்டியவர். எங்கள் தமிழ்ப் பெடியன்களும் கடற்படையில் சேர்ந்த அந்தப் பழைய காலத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, சில வருடங்களிலேயே அதை விட்டு, சோதனை எழுதி வெளிநாட்டுச் சேவைக்குப் போய், நாலைந்து நாடுகளில் இருந்து, கடைசியில் தூதுவராக ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டும் போகாமல், பிறந்த வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து இருந்தார். "கடற்படையிலை கத்துறதுக்குச் சம்பளம், தூதரகத்திலை கத்தாமல் இருக்கிறதுக்குச் சம்பளம்" என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், தூதுவர் வேலையில் தான் படித்தது 'பார்ப்போம்' என்பதைப் பதினாறு விதமாகச் சொல்லத்தான் என்றார். நான் சிரித்த சிரிப்பில் ஹாண்டில் ஆடியது.

துறைமுகத்தடியில் கருவாடு போடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். அறுபதுக்குக் கிட்ட வயது. இராணுவத்திடமிருந்து ஊர் விடுபட்டதும் முதலில் வந்து கொட்டில் போட்டவர்களில் அவரும் ஒருவர். நாங்கள் நிற்கும்போது பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தருவார். "உங்கடை ஐயாவுக்குக் கடலோடை என்ன கோபம்?" என்று என்னைப் பகிடி பண்ணுவார்.

அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது, நாலைந்து நாள் கடலில் தங்கித் தொழில் செய்யவென்று போன தகப்பன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் வரவில்லை. போன நாள் தெரியும். முடிந்த நாள் தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி இல்லை, திதி இல்லாவிட்டால் திவசம் இல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் சனத்தோடு சனமாக எள்ளும் தண்ணீரும் விடுவதோடு சரி. தாய் கடைசிவரை பொட்டை அழிக்கவில்லையாம். சாகும்போதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கொப்பர் முடிஞ்ச நாளைக் கண்டுபிடி, பிள்ளை."

ஐயா முன்பு கடற்படையில் இருந்தவர் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அக்காவுக்குச் சொன்னேன். பழைய பதிவு ஏதும் கிடக்குமோ, ஒரு கடிதம் எழுதித் தருவாரோ கேள் என்றார். திரும்பும் வழியில் கேட்டேன். எந்த வருடம், எந்த மாதம் என்று ஐயா விசாரித்தார். சொன்னேன்.

"பாப்பம்" என்றார், தெல்லிப்பளை தாண்டியதும். பதினாறில் அது எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. மூன்றாவது வெள்ளி, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய டயறியோடு வாசலில் நின்றார்.

போகிற வழியில் சொன்னார். ரோந்துப் படகு அவர் பொறுப்பில் இருந்த காலம். கடத்தல்காரர் ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி ரோந்தை இழுப்பார்களாம், சாமான் மறுபக்கத்தால் இறங்குமாம். இரண்டு தரம் அப்படி ஏமாந்து மேலிடத்தில் பேச்சு வாங்கியிருந்தார். பிறகு ஒரு நாள், காற்று எழும்பிப் பொழுது படுகிற நேரம், தூரத்தில் ஒரு வெளிச்சம் ஆடியது. திருப்பவோ என்று சுக்கான் பிடித்தவன் கேட்டான். வேண்டாம், நேரே விடு என்றார். கிழமை முடிய முகாமில் கேள்விப்பட்டார், மயிலிட்டி வள்ளம் ஒன்று வரவில்லை என்று. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் வேறு வள்ளம் இருக்கவில்லை.

திகதியை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தாருங்கள், நான் கொடுக்கிறேன் என்றேன்.

"இல்லைத் தம்பி. எப்பிடித் தெரியும் எண்டு அவ கேப்பா. அதுக்கு நீர் என்ன சொல்லுவீர்?"

அன்றைக்கு ஓட்டோவைக் கடலுக்கு நேரே விடச் சொன்னார்.

அக்கா பிளேன்ரீயோடு வந்தார். ஐயா இறங்கி நின்று, டயறியை விரித்து, நாளைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை, அது அந்த வீட்டுக்குரியது. என்னிடம் சொன்ன மிச்சத்தையும், ஒன்றும் விடாமல், அக்காவிடம் சொன்னார். அழுவார், ஏசுவார், மண் அள்ளித் தூற்றுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அக்கா கோப்பைகளைக் கீழே வைத்தார்.

"பொழுது பட முன்னமோ, பட்ட பிறகோ?"

ஐயாவுக்கு விளங்கவில்லை.

"திதி இடையிலை மாறும் ஐயா. ஐயர் நேரம் கேப்பார்."

"கிட்டத்தட்ட..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். டயறியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "ஆறு நாற்பது. மூண்டு தரம் ஆடினது. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"மூண்டு தரமோ?" என்றார் அக்கா.

ஐயர் பழைய பஞ்சாங்கம் தேடித் திதி எடுத்துக் கொடுத்தார். அந்தத் திதி வந்தபோது அக்காவையும் மகனையும் கீரிமலைக்கு ஏற்றிப்போனது நான்தான். மகன் பேரன் முறையில் பிண்டம் போட்டார். தகப்பனின் பெயரையும் திதியையும் ஐயர் உரத்துச் சொன்னபோது அக்கா தலை நிமிர்ந்து நின்றார். திரும்பும்போதுதான் பின்சீற்றிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இவ்வளவு காலமும், கண் மூடித் திறக்கமுன்னம் அலை கொண்டுபோட்டுது எண்டு நினைச்சு நித்திரை கொண்டனான், தம்பி. ஆள் கூப்பிட்டிருக்கிறார். மூண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்."

கொப்பியில் அதை எழுதவில்லை. எழுதாமலே மனதில் நிற்கிறது.

அடுத்த வெள்ளி ஐயா கேட்டது ஒன்றுதான், "செய்தாவோ?" ஓம் என்றேன். இப்போதும் போகிறோம். ஓட்டோ கடலைப் பார்த்து நிற்கிறது. வெளிச்சம் போட்ட பிறகும் அவர் 'எடும்' என்பதில்லை. அக்கா இரண்டு பிளேன்ரீ கொண்டுவருவார். ஒன்றை என் கையில் தருவார். மற்றதைப் பின்சீற்றில் வைத்துவிட்டுப் போய்விடுவார், ஐயாவின் கையில் கொடுப்பதில்லை.

படகு வெளிச்சம் அலையில் ஏறி இறங்கும்போது நானும் எண்ணத் தொடங்கிவிட்டேன். மூன்றுக்கு மேலும் ஆடினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.